செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டவேண்டாம்

நடுவர் ஐயா அவர்களுக்கு வணக்கம். என் அணித் தலைவருக்கும், எங்களைக் கொஞ்சம் கடுமையாகவே சாடி முடித்திருக்கும் எதிரணி நண்பர்களுக்கும், சனிக்கிழமை சாயங்காலத்தை ஒதுக்கி இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

‘இன்றைய புதுப்புது உடையும் காலணியும் காட்டுவது துணிச்சலையா, பகட்டையா?’ இதுதான் தலைப்பு. துணிச்சலையே என்று பேச வந்திருக்கிறேன். உடையைப் பற்றி, முக்கியமாகப் புடவைக்கு ஸ்னீக்கர் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயிலுக்கு ஓடுகிற நம் பெண்களைப் பற்றி, எங்கள் அணித் தலைவர் நன்றாகவே பேசிவிட்டார், அதனால் நான் நேராகக் காலுக்கு வந்துவிடுகிறேன். எனக்குத் தெரிந்ததும் அதுதான். சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு காலணிக் கடையில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். வந்தவர்களின் முகம் எனக்கு மறந்துபோகும், கால் மறக்காது.

எதிரணியின் முதல் பேச்சாளர் க்ராக்ஸை ‘ஓட்டை போட்ட ரப்பர் தொட்டி’ என்றார், கைதட்டலும் வாங்கினார். அந்த ஓட்டை எதற்கு என்று மட்டும் அவர் சொல்லவில்லை. 2002இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம் அது, முதலில் படகில் போகிறவர்களுக்காக விற்ற செருப்பு அது. ஈரத் தளத்தில் வழுக்கக்கூடாது, காலுக்குக் காற்று வேண்டும், உள்ளே வந்த தண்ணீர் தேங்காமல் ஓடிவிடவேண்டும், அதற்குத்தான் துளைகள். நம் சிங்கப்பூரை நினைத்துப் பாருங்கள். மூன்று மணிக்கு மண்டையைப் பிளக்கும் வெயில், பேருந்து நிறுத்தத்துக்கு வருவதற்குள் கொட்டும் மழை. தோல் ஷூ நனைந்து, ஈரச் சாக்ஸோடு மாலைவரை அலுவலகத்தில் உட்கார்ந்து, விரலிடுக்கில் சேற்றுப்புண்ணோடு வீட்டுக்குப் போவது கௌரவம், தண்ணீர் வடிந்துபோகிற செருப்பைப் போடுவது பகட்டு என்றால் அதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் கடைக்கு வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். உணவங்காடியில் பாத்திரம் கழுவுகிற வேலை, அறுபதைத் தாண்டிய வயது. மகளுக்குக் கல்யாணம், கல்யாணத்தன்று போட்டுக்கொள்ள நல்லதாக ஒன்று வேண்டும் என்று மகளோடு வந்தார். அவர் கைகாட்டியது முன்பக்கம் கூம்பிப்போன, பொன்னிறத்தில் மின்னுகிற குதிகால் செருப்பு. உட்கார வைத்துக் காலைப் பார்த்தேன். பெருவிரலின் அடிப்பக்க மூட்டு வெளியே புடைத்துக்கொண்டு நிற்கிறது, பெருவிரல் உள்ளே சாய்ந்து இரண்டாவது விரலின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, சுண்டுவிரல் நகம் பாதிதான் இருக்கிறது. கால் அளக்கும் பலகையில் எழுந்து நிற்கச் சொன்னேன், நிற்கும்போதுதானே கால் உண்மையான அகலத்துக்கு விரியும். வழக்கமாக வாங்குவது ஐந்தாம் நம்பர் என்றார். நீளம் ஐந்துதான், அகலத்துக்கு ஐந்து எந்த ஜென்மத்திலும் போதாது. இத்தனை வருடமும் அந்தக் கால் தனக்குப் பொருந்தாத ஒன்றுக்குள் மடங்கியே இருந்திருக்கிறது.

அப்போது அந்த மகள் தன் காலில் இருந்ததைக் கழற்றி அம்மாவின் முன்னால் வைத்தாள். ஊதா நிறம், மூன்று விரல் தடிமனுக்குச் சோல், துளைகளில் பூவும் பூனையுமாகக் குத்தி வைத்த பொம்மைகள், எதிரணி இங்கே எதையெல்லாம் திட்டித் தீர்த்ததோ அத்தனையும் அதில் இருந்தது. "சும்மா போட்டுப் பாரும்மா" என்றாள். அந்த அம்மா போட்டார், எழுந்து நின்றார், இரண்டு எட்டு வைத்தார், அப்புறம் பேச்சே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பார்க்க அசிங்கமா இருக்கே, ஜனங்க என்ன சொல்லுவாங்க" என்றார். நான் சரி என்று குனிந்து அதைக் கழற்றப் போனேன். "இரு இரு, இப்பக் கழட்டாதே" என்றார்.

நடுவர் ஐயா, இந்த வழக்கு முழுவதும் அந்த அம்மா சொன்ன அந்த இரண்டு வாக்கியத்துக்குள் இருக்கிறது. முதல் வாக்கியம் ஊரின் கண்ணுக்குப் பயந்தது. இரண்டாவது கால் பேசியது. நான் இரண்டாவதன் பக்கம் நிற்கிறேன், என் அணி முழுக்க அந்தப் பக்கம் நிற்கிறது. வேலைக்குப் போட அதே மாதிரி ஒன்று வாங்கினார், கல்யாணத்துக்கு அகலமாக, தட்டையாக ஒரு பொன்னிறச் செருப்பு தேடிக் கொடுத்தேன். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவதா என்று நம் பெரியவர்கள் கேட்டார்களே, அதைத்தானே பல வருடமாக நாம் செய்துகொண்டிருந்தோம்?

எதிரணித் தலைவர் பண்பாடு பற்றிப் பேசினார், அது எனக்கு ரொம்ப முக்கியமான இடம். தமிழனுக்குக் கால் மூடுகிற காலணியே அந்நியம், செருப்புதான் நம் அடையாளம் என்றார். பெரும்பாணாற்றுப்படையில் ‘அடிபுதை அரணம்’ என்று ஒரு சொல் வருகிறது. அடியை மறைக்கிற அரண். மலைக்கும் கடலுக்கும் உரிய பொருள்களைக் கொண்டுபோய் விற்கிற வணிகர்கள் போட்டுக்கொண்டு நடந்தது அது. ஊர் ஊராக நடந்தவன் காலுக்கு என்ன தேவையோ அதைப் போட்டான், அதற்கு நம் புலவர் கோட்டைக்குச் சொல்கிற சொல்லையே கொடுத்தார். பெருவிரலைத் தனியாகப் பிரித்த ‘டாபி’ காலணியைப் பார்த்து மாட்டுக் குளம்பு என்று இங்கே சொன்னார்கள். ஜப்பானில் கட்டட வேலை செய்கிறவர்கள் கால் பிடிமானத்துக்காகப் போடுகிற வடிவம் அது, மார்ஜியெலா என்ற பெல்ஜிய வடிவமைப்பாளர் 1988இல் அதை நாகரிக மேடைக்குக் கொண்டுவந்தார். பெருவிரலைத் தனியாக விடுவது நமக்கா புதுசு? நம் பாதக்குறட்டில், அந்தக் கால மரச்செருப்பில், குமிழ் எங்கே இருக்கிறது, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில்தானே?

இன்னொன்றும் சொல்லவேண்டும். கோலாப்பூரிச் செருப்பு நம் கடையில் எத்தனையோ வருடமாகத் தொங்குகிறது, இளைஞர்கள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், ‘தாத்தா செருப்பு’ என்பார்கள். இந்தியாவில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தே 2019இல்தான். 2025 ஜூனில் மிலான் நகரத்து மேடையில் பிராடா நிறுவனத்தின் ஆடவர் அணிவகுப்பில் அதே மாதிரிச் செருப்பு வந்தது, முதலில் வெறும் தோல் செருப்பு என்று மட்டும் சொன்னார்கள், இந்தியாவிலிருந்து எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்தக் கைவினையைப் பார்த்துச் செய்ததுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. செய்கிறவனின் பெயரை விட்டுவிட்டு விற்பது தப்பு. ஆனால் அந்தச் செருப்பு மாறவே இல்லை, பார்க்கிற கண்தான் மாறியது. அழகு, அசிங்கம், பகட்டு என்று நாம் கொடுக்கிற தீர்ப்பெல்லாம் யார் காலில் அது இருக்கிறது என்பதைப் பார்த்துக் கொடுக்கிற தீர்ப்புதான், அதனால் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை எதையாவது போட்டுக்கொண்டு வரும்போது உடனே முகம் சுளிக்காதீர்கள் என்று கேட்கிறேன்.

பண்பாடு என்றால் எனக்குத் தெரிந்த பண்பாடு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருவது. நம் வீவக அடுக்குமாடி வீடுகளில் எல்லார் கதவுக்கு வெளியிலும் செருப்பு அடுக்கு இருக்கிறது, தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டு வைக்கச் சொல்கிறது குடிமைத் தற்காப்புப் படை. வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர், அப்படியே பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போகிறவர், ஒரு மாலையில் எத்தனை தடவை கழற்றி மாட்டவேண்டியிருக்கிறது! குனிந்து கயிறு கட்டுகிற தோல் ஷூ மேல்நாட்டு அலுவலகத்துக்குச் செய்தது. காலை நுழைத்தால் போதும், உதறினால் போதும் என்கிற இந்தப் புதுக் காலணிதான் நம் வாசலுக்குப் பொருந்துகிறது.

மின்படியில், அதாவது எஸ்கலேட்டரில், இந்தச் செருப்பு ஆபத்து என்று சொன்னீர்கள். அது உண்மை, மறுக்கமாட்டேன். மென்மையான நுரைச் செருப்பு மின்படியின் ஓரத்தில் சிக்கிக்கொள்ளும், பல நாடுகளில் குழந்தைகளுக்குக் காயம் பட்டிருக்கிறது. எங்கள் கடையில் சின்னப் பிள்ளைக்கு அது வாங்குகிற ஒவ்வொரு தாயிடமும் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்க வையுங்கள், ஓரத்தைத் தொடவிடாதீர்கள் என்று நானே சொல்லித்தான் பையில் போட்டுக் கொடுக்கிறேன். அதே மாதிரி 2023இல் அமெரிக்காவில் 350 டாலருக்கு விற்ற பெரிய சிவப்பு பூட்ஸ், கேலிச்சித்திரத்தில் வருகிற மாதிரி உருண்டையாக, போட்டவரால் தனியாகக் கழற்றவே முடியாமல் தவித்த காணொளியெல்லாம் வந்ததே, அதற்காக நான் வாதாட வரவில்லை. காலைக் கேட்காமல் செய்தது அது. மறுவிற்பனை லாபத்துக்காகப் பிள்ளைகள் ஸ்னீக்கருக்கு வரிசையில் நிற்பதும் எனக்குப் பிடிக்காது. அது விலையின் பிரச்சினை. வடிவத்தின் மேல் பழி போடாதீர்கள்.

சரி, ‘நல்ல ஷூ’ என்கிறீர்களே, அதன் கதை என் வீட்டிலேயே நடந்தது. அப்பாவிடம் ஒரு கறுப்பு ஷூ இருந்தது. நல்ல நாள் பெரிய நாளுக்கு மட்டும் என்று பெட்டியிலேயே வைத்து ஆறு வருடம். என் தம்பி கல்யாணம் பெருமாள் கோயிலில். ஃபேரர் பார்க் எம்ஆர்டியில் இறங்கி நடக்கிறார், பின்னால் வந்த நான் தரையில் கறுப்பாகத் துகள் துகளாக விழுந்திருப்பதைப் பார்க்கிறேன். சோல் உதிர்ந்துகொண்டே வருகிறது. கையில் எடுத்தால் நனைந்த பிஸ்கட் மாதிரி. நிறைய ஷூவின் சோல் பாலியூரித்தேன் நுரையில் செய்தது, காற்றில் இருக்கிற ஈரம் அதை உள்ளுக்குள்ளேயே அறுத்துவிடும், நம் ஊர் ஈரப்பதத்தில் பெட்டிக்குள் மூடி வைத்தால் கேட்கவே வேண்டாம். கௌரவத்துக்காகப் பூட்டி வைத்த காலணி கௌரவமான நாளில் கைவிட்டது. கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் அப்பா அந்த ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்ற முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கடைசியாக வயது. அறுபது, எழுபது வயதுக்கு இந்தக் கலரெல்லாம் எதற்கு என்று கேட்டீர்கள். அதே அப்பாவைப் பற்றியே சொல்கிறேன். 1970களில் இந்த ஊரில் நீண்ட முடி வைத்த ஆண்கள் கடைசியாகத்தான் கவனிக்கப்படுவார்கள் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது, இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். காதை மூடினால் நீளம், சட்டைக் காலரைத் தாண்டினால் நீளம், புருவத்தைத் தொட்டால் நீளம். அப்போது அப்பாவுக்கு இருபது வயது. ஒரு கவுண்டரில் காலை ஒன்பது மணிக்குப் போனவரை மத்தியானம்வரை நிறுத்தி வைத்தார்கள். அடுத்த வாரமே முடியை வெட்டிவிட்டார். அதற்கப்புறம் ஐம்பது வருடம் கறுப்பு, பழுப்பு, சாம்பல், இந்த மூன்று நிறத்தைத் தாண்டி அவர் காலிலோ உடம்பிலோ எதுவும் ஏறியதில்லை. இன்று அந்த அறிவிப்பு அருங்காட்சியகத்துப் பொருள் மாதிரி ஆகிவிட்டது, நீளமாக முடி வளர்த்த பையன்கள் எந்தக் கவுண்டரிலும் முதலிலேயே நிற்கிறார்கள், நாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஷூ உதிர்ந்த மறுவாரம் அவரைக் கடைக்குக் கூட்டிப்போனேன். மத்தியானத்துக்கு மேல்தான், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது அளந்தால்தான் சரியாக வரும். சோல் தடிமனான ஓட்டக் காலணி ஐந்தாறு எடுத்து வைத்தேன். சாம்பல் நிறத்தைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஆரஞ்சைக் காட்டினார். "அதையா அப்பா?" என்றேன். "ஏன், எனக்குப் போடக்கூடாதா?" என்றார்.

இப்போது தினமும் காலை ஆறரைக்கு அந்த ஆரஞ்சு ஷூவோடு புளோக்கைச் சுற்றி நாலு சுற்று நடக்கிறார், முட்டி வலி என்ற பேச்சு குறைந்திருக்கிறது. கீழ்த்தளத்தில் செஸ் ஆடுகிற அவருடைய கூட்டாளிகளில் மூன்று பேர் எங்கள் கடைக்கு வந்து அதே மாதிரி வாங்கிப் போய்விட்டார்கள், ஒருவர் பச்சை, ஒருவர் மஞ்சள், மூன்றாமவர் இளஞ்சிவப்பு. மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.