இரண்டு நிமிடமும் ஆறு நொடியும்

(கிருஷ்ணகிரியில் சாலைப் பாதுகாப்பு மாதத்தை ஒட்டி நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ‘சைக்கிளா, வண்டியா?’ என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது. நடுவர் இல்லாமல் இந்தப் பட்டிமன்றம் தினமும் காலை எட்டரை மணிக்கு நம் ராயக்கோட்டை சாலையில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

போன மாதம் ஒரு நாள் நான் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் சீருடையில் ஒரு பிள்ளை. அரசு கொடுத்த சைக்கிள், கேரியரில் புத்தகப் பை. வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஓரமாக, ஒழுங்காகப் போனாள். அந்தக் கோட்டின் மேலேயே ஒரு லாரி நின்றது. டிரைவர் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள், கையைக் காட்டினாள், வலது பக்கம் எடுத்தாள். பின்னால் வந்த பஸ் ஹாரனை அழுத்திய அழுத்தில் சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடியது. விழவில்லை.

நான் இறங்கிப் போய்க் கேட்டேன். “ஏம்பா, இங்கேதான் நிறுத்தணுமா?”

“ரெண்டு நிமிஷம் சார். டீ குடிச்சிட்டு எடுத்துடறேன்.”

அவரிடம் கோபமே இல்லை. தன்மையாகத்தான் சொன்னார். முரடனாக இருந்திருந்தால் நான்கு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். இவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன வேலை? சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு நான்கு மீட்டர் சொச்சம். நிற்கிற லாரியைத் தாண்ட வேண்டுமானால் முன்கூட்டியே வலது பக்கம் வந்து, அதன் முழு நீளத்தையும் கடந்து, மறுபடி ஓரத்துக்குத் திரும்ப வேண்டும். 25 மீட்டராவது ஆகும். அதற்கு ஆறு நொடி. 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பஸ் அதே ஆறு நொடியில் 100 மீட்டர் ஓடிவிடும். இவள் 25 மீட்டர் முன்னேறியிருப்பாள். ஆகவே, இவள் திரும்பிப் பார்த்தபோது 75 மீட்டர் தள்ளி, ‘இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது’ என்று நினைக்கும்படி வந்த பஸ், இவள் ஓரத்துக்கு வருவதற்குள் இவள் முதுகில் வந்து நிற்கும்.

டிரைவர் கேட்டது இரண்டு நிமிடம். அதற்குள் எத்தனை பிள்ளைகள் தங்கள் ஆறு நொடியைக் கடந்தார்கள் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். டீக்கடைக்கு முன்னால் நிற்பவருக்கு அது கண்ணிலேயே படாது.

“இடது பக்கமாக ஒதுங்கிப் போக வேண்டியதுதானே?” என்று கேட்பார்கள். கேட்பவர் சைக்கிளை விட்டுப் பல வருடம் ஆகியிருக்கும். ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போடுகிறோம். தார் உயர்கிறது, மண் ஓரம் அப்படியே கிடக்கிறது. சில இடங்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் பள்ளம். அதில் சைக்கிள் சக்கரம் இறங்கினால் மறுபடி ஏறாது. ஏற்றப் பார்த்தால் விளிம்பில் உரசி ஆளைச் சாய்த்துவிடும், அதுவும் வண்டி போகிற பக்கமாக. போதாததற்கு, நிற்கிற வண்டியின் கதவு எப்போது திறக்கும் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு ஒருமுறை திறந்தது. முழங்காலில் தழும்பு இருக்கிறது, காட்டவில்லை.

ஒரு வண்டி நின்றால் இந்தக் கதை. வரிசையாக ஐந்து நின்றால் சைக்கிள்காரர் ஐந்து முறை உள்ளே வெளியே போக மாட்டார். நேராக ரோட்டிலேயே போவார். அப்போது பின்னால் வருகிற கார்காரர் கண்ணாடியை இறக்கி, “நடு ரோட்ல ஓட்டறான் பாரு” என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் ஓரத்தை அடைத்தவர் அந்நேரம் அங்கே இருப்பதில்லை. அவருக்காக இவர்கள் இருவரும் சண்டை போடுகிறார்கள்.

‘சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டால் சரியாகிவிடும்’ என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கிற பெங்களூரில் 2020இல், கொரோனா காலத்தில், வெளிவட்டச் சாலையில் கம்பம் நட்டுத் தனிப் பாதை ஒதுக்கினார்கள். நல்ல முயற்சி. போக்குவரத்து பழையபடி ஆனதும் பைக்குகள் அதில் புகுந்தன, வண்டிகள் அதில் நின்றன. பெயின்ட்டும் பிளாஸ்டிக் கம்பமும் வண்டியைத் தடுக்காது. ஏறமுடியாத உயரத்தில் கல் விளிம்பு வேண்டும். நெதர்லாந்தைச் சொல்லுவீர்கள். அங்கே இன்று மக்கள்தொகையைவிடச் சைக்கிள் அதிகம். ஆனால் அது அவர்கள் ரத்தத்தில் ஊறியது என்று நினைக்காதீர்கள். 1971இல் மட்டும் அங்கே சாலை விபத்தில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள், அதில் 400க்கு மேல் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று பெற்றோர்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் சைக்கிள் பாதைகள் பெருகின.

நம்மிடம் என்ன இருக்கிறது? சைக்கிள் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் அரசே பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு சக்கரம் கொடுத்த நாம், அதை உருட்ட மூன்றடி ஓரம் கொடுக்கவில்லை.

சட்டம் இருக்கிறது, சரி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆவது பிரிவு, மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி பொது இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்கிறது. 2017இல் வந்த வாகனம் ஓட்டும் விதிகள் நடைபாதையையும் சைக்கிள் பாதையையும் பெயர் சொல்லியே தடுக்கின்றன. சைக்கிள் பாதையே இல்லாத ஊரில் நமக்கு உதவுவது 122தான்.

ஆனால் லாரிக்காரர் பக்கமும் பேசாமல் போனால் நான் வாத்தியாரே இல்லை. பெங்களூர், சேலம், சென்னைச் சாலைகள் வந்து சேர்கிற ஊர் இது. இரவெல்லாம் ஓட்டிவிட்டு வருகிறவர் எங்கே நிறுத்துவார்? மாம்பழ சீசனில், மே, ஜூனில், மாங்கூழ் ஆலைகளுக்கு முன்னால் லோடு ஏற்றிய வண்டிகள் காத்துக் கிடக்கின்றன. ஆலைக்குள் இடம் இல்லை என்றால் அவை ரோட்டில்தானே நிற்கும்? அது டிரைவரின் திமிர் அல்ல, இடம் ஒதுக்காதவர்களின் தவறு. நானும் யோக்கியன் இல்லை. மருமகனின் காரை இட்லி பார்சல் வாங்க ஓரத்தில் நிறுத்திவிட்டு, “ரெண்டு நிமிஷம்” என்று நானே சொல்லியிருக்கிறேன். சைக்கிள்காரர்களிலும் எதிர்த்திசையில் வருகிறவர்கள், இருட்டில் விளக்கில்லாமல் வருகிறவர்கள் உண்டு. டியூஷன் முடிந்து ஏழு மணிக்குத் திரும்புகிற பிள்ளைகளின் பெற்றோர் இங்கே இருந்தால், பின் மட்கார்டில் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள். டீ, வடை செலவுதான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளி இருக்கிற சாலைகளில் காலை எட்டு மணிக்கு முன்பே கடைக்காரர்கள் சரக்கை இறக்கிவிடலாம். தார் போடுகிற ஒப்பந்தக்காரர் ஓரத்து மண்ணையும் நிரப்பிவிட்டுப் போனால் போதும், அதைப் பார்க்காமல் அதிகாரி பில்லில் கையெழுத்துப் போடக் கூடாது. சீசனுக்கு மட்டுமாவது லாரிகளுக்கு ஒரு காலி மனையைக் காட்டலாம்.

கேள்வி நேரம் இருக்கிறது என்று தலைவர் சொல்கிறார், கேளுங்கள். அதற்கு முன்னால் ஓர் அறிவிப்பு. சீட்டு கொடுத்திருக்கிறார்கள். வெளியே சைக்கிள் ஸ்டாண்டை மறித்து ஒரு வெள்ளைக் கார் நிற்கிறதாம். உரியவர் கொஞ்சம் எழுந்து போய் எடுத்துவிட்டு வந்தால், கூட்டம் முடிவதற்குள் கிளம்ப வேண்டிய இரண்டு பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள்.