தமிழ் அறியாமல் தமிழ்ப்படம் எடுத்தவர்

நேயர்களுக்கு வணக்கம். 1936ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியான ‘சதி லீலாவதி’யை, எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றிய படம் என்றே நம்மில் பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கிறோம். எம்.கே.ராதா, டி.எஸ்.பாலையா, என்.எஸ்.கிருஷ்ணன் ஆகியோரும் நடித்த அந்தப் படத்தை இயக்கியவருக்கு அப்போது வயது 26. அவர் பிறந்தது அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில்; தமிழ் அவருக்குத் தெரியாது. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அந்த மனிதரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கலிஃபோர்னியாவில் திரைப்படக்கலை பயின்றபோது உடன்படித்த மாணிக்லால் டாண்டனின் அழைப்பை ஏற்று, 1935இல் டங்கன் இந்தியா வந்தார். டாண்டன் அப்போது கே.பி.சுந்தராம்பாள் நடித்த ‘நந்தனார்’ படத்தை இயக்கிக்கொண்டிருந்தார். நண்பருக்குத் துணையாக அதில் சில காட்சிகளைப் படமாக்கிய டங்கனுக்கு, அந்த நண்பரின் பரிந்துரையாலேயே ‘சதி லீலாவதி’ கிடைத்தது. சில மாதம் தங்கிப்போக வந்தவர், ஏறத்தாழ 15 ஆண்டுகள் இங்கேயே தங்கிவிட்டார்.

மொழி தெரியாதவர் எப்படிப் படம் எடுத்தார் என்ற கேள்வி இயல்பானது. வசனத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, உச்சரிப்பைக் கவனிக்கும் பொறுப்பைத் தமிழறிந்த உதவியாளர்களிடம் விட்டுவிட்டு, அவர் நடிகரின் முகத்தையும் அசைவையும் கவனித்தார். இதை ஒரு குறைக்கான சமாளிப்பு என்று சொல்வோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. அக்காலத் தமிழ்ப் பேசும்படம் பெரும்பாலும் கம்பெனி நாடகத்தின் நீட்சியாகவே இருந்தது. கேமரா முன்வரிசையில் அமர்ந்த ரசிகரைப்போல அசையாது நிற்க, நடிகர்கள் அதன்முன் வந்து பாடிவிட்டுப் போனார்கள். காதுக்காகவே எடுக்கப்பட்டுவந்த படத்துக்கு, காதால் எதையும் புரிந்துகொள்ள இயலாத ஒருவர் வந்து சேர்ந்ததால்தான், கண்ணுக்கு உரிய பங்கு கிடைத்தது என்பது என் கருத்து.

சொல்லின் பங்கையும் அவர் குறைத்துவிடவில்லை. 1937இல் எம்.கே.தியாகராஜ பாகவதர் நடிக்க ‘அம்பிகாபதி’யை எடுத்தபோது, சோழ இளவரசிக்கும் கம்பர் மகனுக்கும் இடையிலான காதலில் ரோமியோ ஜூலியட்டின் சாயலைக் கண்டு, அந்த நாடகத்தின் காதல் வரிகளைத் தமிழாக்கித் தரும்படி இளங்கோவனைக் கேட்டுக்கொண்டார். வசனகர்த்தாவுக்குத் தமிழ்த் திரையில் தனி மதிப்பு உண்டாகத் தொடங்கியது இளங்கோவனிடமிருந்துதான். தமிழ் அறியாத ஓர் இயக்குநரின் படத்தில் அது நிகழ்ந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1940இல் ஜி.என்.பாலசுப்பிரமணியமும் எம்.எஸ்.சுப்புலட்சுமியும் இணைந்த ‘சகுந்தலை’ வந்தது. ஆனால் டங்கனின் உழைப்பு முழுமையாகத் துலங்குவது 1945இல் வெளியான ‘மீரா’வில். படப்பிடிப்புக்கு முன் எம்.எஸ். அவர்களின் மார்பளவுச் சிலையொன்றைச் செய்வித்து, ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியும் டங்கனும் அதன்மீது பல கோணங்களிலிருந்து விளக்கொளியைப் பாய்ச்சிப் படமெடுத்துப் பார்த்து, எந்த ஒளியில் அந்த முகம் எப்படித் தோன்றுகிறது என்று ஆராய்ந்தார்கள். ‘காற்றினிலே வரும் கீதம்’ பாடலைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்கள் நம்மில் ஏராளம். ஒருமுறை கண்ணைத் திறந்துவைத்துப் பாருங்கள். முகத்தின்மீது விழும் ஒளியும் குரலோடு சேர்ந்து பக்தி செய்வதைக் காண்பீர்கள். ராஜஸ்தானத்துக்கே குழுவினரை அழைத்துச்சென்று எடுத்த வெளிப்புறக் காட்சிகளும் அப்படத்துக்கு மெய்யான நிலத்தைக் கொடுத்தன.

பிறகு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக, பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்தைத் தழுவி 1950இல் ‘பொன்முடி’யை எடுத்தார். அதன் காதல் காட்சிகள் எல்லை மீறியவை என்று அன்று கண்டனம் எழுந்தது. ஓர் அந்நியர் நம் பண்பாட்டை அறியாமல் செய்த பிழை என்று அதைச் சுருக்கிவிடுவது நியாயமாகாது. கதையும் காதலும் நம் கவிஞருடையவை அல்லவா?

அதே ஆண்டு வெளிவந்த ‘மந்திரி குமாரி’க்கு வசனம் மு.கருணாநிதி, குண்டலகேசிக் கதையின் சாயல் கொண்ட படம் அது. ‘வாராய் நீ வாராய்’ என்று பாடியபடி மனைவியைக் கொல்வதற்காகக் கணவன் மலையுச்சிக்கு அழைத்துச்செல்லும் காட்சியில், பாட்டு இனிமையாக இருக்க, ஏறும் ஒவ்வோர் அடியும் நமக்கு அச்சமூட்டுகிறது. அந்தப் படம் முடிவதற்கு முன்பே டங்கன் அமெரிக்கா திரும்ப நேர்ந்ததால், எஞ்சிய பகுதியை டி.ஆர்.சுந்தரம் இயக்கி முடித்தார்.

தமிழில் அதன்பின் அவர் படம் எடுக்கவில்லை. தாயகத்தில் ஆவணப்படங்கள் எடுத்து வாழ்ந்த டங்கன், 1990களில் முதுமைப் பருவத்தில் ஒருமுறை சென்னைக்கு வந்தபோது, திரையுலகம் அவரை அழைத்துச் சிறப்புச் செய்தது. 2001ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில், 92ஆம் வயதில் அவர் காலமானார்.