மலை இல்லாத ஆறு

வணக்கம். மலையகத்துச் சிற்றாறுகளைப் பற்றி வானொலியில் நிறையக் கேட்டிருப்பீர்கள், காட்டுக்குள் ஊற்றெடுத்துப் பாறைக்குப் பாறை விழுந்து இறங்கி வருகிற ஆறுகள். இன்றைக்குக் கொஞ்சம் வன்னிப் பக்கம் வாருங்கள். இங்கே காடு இருக்கிறது, ஆறும் இருக்கிறது, மலைதான் இல்லை. எங்கட பிள்ளைகளிடம் ஓர் ஆறு கீறச் சொன்னால் இரண்டு மலையைக் கீறி, நடுவில் சூரியனை வைத்து, அதற்குள்ளிருந்துதான் ஆற்றை இறக்குவார்கள். மலையைக் கண்ணால் காணாத பிள்ளையும் அப்படித்தான் கீறும். ஆனால் பக்கத்தில் ஓடுகிற கனகராயன் ஆறு எந்த மலையிலிருந்து வருகிறது என்று கேட்டால் பிள்ளையும் முழிக்கும், தகப்பனும் முழிப்பார்.

வவுனியாவுக்கு வடக்கே, சேமமடுப் பக்கத்துக் காடுகளிலிருந்து வருகிறது. போய்ப் பார்த்தால் 'இதுதான் தொடக்கம்' என்று விரலால் காட்ட ஓர் இடம் கிடையாது. மாரியில் மரங்களுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும், நிற்கிறதா ஓடுகிறதா என்று ஒரு சருகைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அப்படி நாலு பள்ளம் சேர்ந்து ஓர் ஓடை, நாலு ஓடை சேர்ந்து ஆறு. நிலம் அங்கே கடல் மட்டத்திலிருந்து 100 மீற்றரை எட்டுமோ எட்டாதோ. அந்த உயரத்தை இறங்க ஆறு எடுத்துக்கொள்ளும் தூரம் ஏறத்தாழ 86 கிலோமீற்றர், அதாவது கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் அளவுதான் சரிவு. பதுளை மாவட்டத்துப் பம்பரகந்த நீர்வீழ்ச்சியின் உயரம் 263 மீற்றர். எங்கள் ஆறு பிறந்ததிலிருந்து கடலேரி சேரும்வரை இறங்குவது அதில் பாதிகூட வராது.

இருந்தாலும் அந்த வவுனியா மேட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பஸ்ஸில் போனால் மேடென்றே தெரியாது, ஆனால் வன்னியின் தண்ணீரெல்லாம் அதை வைத்துத்தான் திசை பிரிகிறது. பறங்கியாறும் பாலியாறும் மேற்கே போகின்றன. பேராறு கிழக்கே திரும்பி முத்தையன்கட்டுக்குள் புகுந்து நந்திக்கடலுக்குப் போகிறது. கனகராயன் ஆறு மட்டும் ஏ-9 வீதியோடு கூட்டுச் சேர்ந்தமாதிரி வடக்கே போகிறது. அருவி ஆற்றை நான் இந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை, அது தெற்கே தொலைவில் பிறந்து அனுராதபுரத்தைத் தாண்டி மன்னாருக்கு வருகிற பெரிய ஆறு, அதன் கதை வேறு.

மலை செய்கிற வேலையை இங்கே யார் செய்கிறார்கள்? காடுதான். மலையகத்தில் வருடத்தில் பல மாதம் மழை விழும், ஆற்றுக்குக் கைமாற்று வாங்க வேண்டிய தேவை குறைவு. எங்களுக்கு வாடைக்காற்றோடு வருகிற மழைதான் கதி. ஐப்பசி பிந்தித் தொடங்கினால் தை வரைக்கும், நடுவில் வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் வந்தால் இரண்டு நாளில் கொட்டித் தீர்த்துவிடும். சித்திரையில் கொஞ்சம் தூறும். பிறகு தென்மேற்கிலிருந்து சோழகக்காற்று வீசத் தொடங்கினால் மாதக்கணக்கில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த இரண்டு மூன்று மாத மழையைப் பிடித்து வைக்க அடியில் யாழ்ப்பாணத்தைப்போலச் சுண்ணக்கல்லும் இல்லை. இந்த ஆறு ஓடும் நிலத்தின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது பழைய கருங்கற்பாறை, தண்ணீர் தங்குவதெல்லாம் அதன் மேலே உக்கிப்போன படையிலும் வெடிப்புகளிலும்தான். மேலே இருக்கிற செங்கபில மண்ணோ காய்ந்தால் மண்வெட்டி துள்ளும். வெறும் நிலத்தில் அந்த மண்ணில் விழுகிற முதல் மழை உள்ளே இறங்காது, மேலால் வழிந்து ஓடிவிடும். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற இடத்தில் அப்படி இல்லை, சருகு மெத்தை மழையின் அடியை வாங்கிக்கொள்ளும், வேர் போன வழியால் தண்ணீர் கீழே இறங்கும், இறங்கினது பிறகு மெல்ல மெல்ல ஆற்றுப் பக்கம் கசியும். வன்னி ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றால் பாலத்தில் நின்று பார்ப்பது போதாது, காட்டைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கோடையில், ஆவணி மட்டில், ஒருமுறை ஆற்றுக்குள் இறங்கி நடந்து பாருங்கள். ஆற்றுக்குள் என்றால் உண்மையாகவே உள்ளே, ஏனென்றால் தண்ணீர் இருக்காது. வெள்ளை மணல், காலைச் சுடும். ஆனால் கரையில் நிற்கிற மருதமரம் ஒன்றும் வாடியிருக்காது, இலை பச்சையாக இருக்கும். வளைவில் நிழலான இடத்தில் கையால் மணலைத் தோண்டினால் ஒரு முழத்துக்குள் ஈரம் தட்டும், இன்னும் கொஞ்சம் போனால் குழிக்குள் தண்ணீர் ஊறும், முதலில் கலங்கல், இரண்டு தரம் இறைத்துவிட்டால் தெளிவு. யானைக்கும் இந்த வித்தை தெரியும், அது தோண்டின குழியில் மானும் பன்றியும் வந்து குடித்துவிட்டுப் போன அடிகளைக் காணலாம். பிறகு அண்ணாந்து பாருங்கள். மருதங்கிளையில் உங்கள் தலைக்கு மேலே சருகும் வைக்கோலும் கிழிந்த உரப்பையும் சிக்கித் தொங்கும். மார்கழியில் ஆறு அவ்வளவு உயரத்தில் போயிருக்கிறது. சரிவு குறைந்த ஆறு அப்படித்தான், வெள்ளம் வந்தால் விரைவாக ஓடிப்போகத் தெரியாது, உயர்ந்து, கரை ஏறி, அகன்று நிற்கும்.

மணல் சும்மா கிடக்கிறது என்று நினைக்கிறவர்கள்தான் டிப்பரைக் கொண்டுவருகிறார்கள். கோடையில் ஆறு மணலுக்கு உள்ளேதான் ஓடுகிறது. அள்ளி முடித்த இடத்தில் வெயில் நேரே தண்ணீரில் படும், கரை இடியும், அயற்கிணறுகளின் மட்டமும் கூடவே இறங்கும். வீடு கட்ட மணல் வேண்டாமா என்று கேட்கிறீர்கள், வேண்டும்தான், எனக்கும் வீடு இருக்கிறது. எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்துக்கு என்று அளந்து எடுப்பதும் இரவோடு இரவாக அள்ளிக்கொண்டு போவதும் ஒன்றல்ல.

வழியில் சின்னக் குளங்களும் இந்த ஆற்றின் உறுப்புத்தான். மேல் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க் குளத்துக்கு, கீழ்க் குளத்து வயலில் கழிந்தது அதற்கும் கீழே. கடைசியில் எல்லாம் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்கு வந்து சேருகிறது. 1902இல் கட்டத் தொடங்கி 1920 வாக்கில் முடித்த குளம், பிறகு பல தடவை அணைக்கட்டை உயர்த்தி இப்போது 36 அடித் தண்ணீர் பிடிக்கும், 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல் அதை நம்பியிருக்கிறது. மாரிப் பயிரான காலபோகத்தை மழை பார்த்துக்கொள்ளும். கோடைப் பயிரான சிறுபோகத்துக்குத்தான் குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, கூட்டம் வைத்து, யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் எழும்புகிற சத்தத்தை வைத்தே அந்த வருடத்து மழையை ஊகித்துவிடலாம். 2018 மார்கழியில் இது தலைகீழாக நடந்தது, ஒரே இரவில் பெய்த மழையில் குளம் நிரம்பி, வான்கதவுகளைத் திறக்க வேண்டி வந்து, கிளிநொச்சியின் தாழ்ந்த ஊர்களெல்லாம் வெள்ளத்துக்குள் போயின. முல்லைத்தீவுப் பக்கமும் அதே மழைதான்.

இரணைமடுவுக்குக் கீழே ஆறு இளைத்துப் போகிறது. வான் பாய்ந்த தண்ணீரும் வயற்கழிவும்தான், அதுவும் வடக்கே போய்ச் சுண்டிக்குளம் கடலேரியில் விழுகிறது. மாரியில் அங்கே உப்பு மட்டுப்படும், பறவை வரும், கோடையில் கடலேரியின் பெரும்பகுதி வறண்டு உப்புப் பூக்கும். அந்த நல்ல தண்ணீர் கடலுக்குப் போகாமல் மறித்து, கடலேரியையே நன்னீர்த் தேக்கமாக்கி, வாய்க்கால் வெட்டி வடமராட்சிப் பக்கம் கொண்டுபோகலாம் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் ஒரு திட்டம் வைத்தார். முள்ளியான் வாய்க்காலைக் கொஞ்சம் வெட்டினார்கள், முழுத் திட்டம் இன்றுவரை நிறைவேறவில்லை. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொடுப்பதா என்ற பிணக்கும் இதற்குப் பிறகு வந்ததுதான், அதில் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததில் நியாயம் உண்டு, குடிக்கக் கேட்டவர்களிடமும் நியாயம் உண்டு. எனக்கு அந்த விவாதத்தில் ஒரே ஒரு குறை. இரண்டு பக்கமும் குளத்திலிருந்து வெளியே போகிற தண்ணீரைப் பற்றித்தான் பேசின. சேமமடுவிலிருந்து குளத்தின் அலைகரை வரைக்கும் மேலே எவ்வளவு காடு நிற்கிறது, எத்தனை சின்னக் குளம் தூர்ந்து கிடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அதையும் ஒருதரம் எழுந்து கேளுங்கள். நன்றி, வணக்கம்.