பீரோவில் தொங்கும் இராணுவச் சட்டை

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பழைய துணி விற்கும் கடைகளில் இராணுவச் சட்டைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். "கடையிலேயே விற்கிறார்கள், வாங்கிப் போட்டால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்டால், அவசியம் தடுத்துப் பேசுங்கள். விற்பனைக்கு இருக்கிறது என்பதாலேயே அது அணியத் தகுந்ததாகிவிடாது.

தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு 42ஆம் எண் பாதுகாப்புச் சட்டத்தின் 104ஆம் பிரிவின்படி, படைக்கென்று விதிக்கப்பட்ட சீருடையையோ அடையாளச் சின்னங்களையோ அனுமதியில்லாமல் அணிவது குற்றம். அணியாமல் வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம்தான். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. தண்டனை அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை.

அப்படியானால் பச்சைத் திட்டுப் போட்ட எல்லாத் துணியும் தப்பா? இல்லை. துணிக்கடையில் தொங்கும் சாதாரண கேமஃபிளாஜ் டீ-ஷர்ட் வேறு, தேசியப் பாதுகாப்புப் படை உடுத்தும் சீருடை வேறு. சந்தேகம் வந்தால் சட்டையை மேசைமேல் விரித்துப் பாருங்கள். தோளில் பதவிப் பட்டை செருகும் பட்டி இருக்கிறதா, கையில் கொடியோ படைப்பிரிவுச் சின்னமோ தைத்த தடம் தெரிகிறதா, பித்தானில் முத்திரை உண்டா, உள்பக்கத்தில் படையின் சரக்கு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அதை வாங்காதீர்கள். சின்னத்தைப் பிரித்தெடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. துணியே படையினுடையதாக இருக்கலாமே.

கண்டன ஊர்வலம் நடத்துவோருக்குச் சட்டம் இன்னும் கடுமையானது. 1993ஆம் ஆண்டின் 205ஆம் எண் கூட்டங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, பாதுகாப்புப் படையினர் அல்லது போலீஸ் சீருடையைப் போலத் தோன்றும் உடையையே அங்கே அணியக்கூடாது. அசல் சீருடையாக இருக்க வேண்டியதில்லை, ஒத்திருந்தாலே போதும். பதினைந்து பேருக்கு மேல் சேர்ந்தால் அது கூட்டம், அதற்குக் குறைந்தால் ஆர்ப்பாட்டம். இரண்டுக்கும் இதே தடைதான். ஆகவே கூட்டத்துக்கான ஏழு நாள் முன்னறிவிப்பு கொடுக்கும்போதே, கலந்துகொள்வோருக்கு அனுப்பும் செய்தியில் உடையைப் பற்றி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

டர்பனின் ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் பக்கம் இரவு ரோந்து போகும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தின்போது நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் இராணுவம் தெருவில் இறங்கியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட இருட்டில் இராணுவ உடை மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு நிற்பவரை, நிஜ சிப்பாய் யாரென்று நினைப்பார்? ஊர்க்காரர்கள் யாரென்று நினைப்பார்கள்? அந்தக் குழப்பத்தில் உயிரே போகலாம். ஒளி பட்டால் மின்னும் மஞ்சள் மேலங்கி போதும். தூரத்திலேயே தெரியும், யாரும் உங்களைப் படையினர் என்று எண்ணமாட்டார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. இராணுவ உடையில் யாராவது வந்து கேட்டைத் திறக்கச் சொன்னால், உடையைப் பார்த்துத் திறந்துவிடாதீர்கள். உள்நாட்டுப் பணியில் படையினர் போலீசுடன் சேர்ந்தே இயங்குவார்கள். உடன் வந்த போலீஸ்காரரின் நியமன அட்டையைக் கேளுங்கள். கேட்டைப் பூட்டியபடியே போலீஸ் அவசர எண் 10111க்கு அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சில வீடுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1970களில் டர்பனின் சாலிஸ்பரி தீவில் ஜலசேனா என்ற கடற்படைப் பயிற்சித்தளம் இயங்கியது. இந்திய வம்சாவளி இளைஞர்கள் அங்கே கடற்படைப் பயிற்சி பெற்றார்கள். தாத்தாவின் உடுப்பு இன்னும் பீரோவில் தொங்கும். அதைக் கோயில் தானப் பொதியிலோ குப்பையிலோ போடாதீர்கள். தவறான கையில் சிக்கினால் கொள்ளைக்குப் பயன்படும். அருகிலுள்ள படைப்பிரிவையோ காவல் நிலையத்தையோ கேட்டு ஒப்படைத்து, எழுத்தில் ரசீது வாங்குங்கள். அவர் நினைவைப் போற்ற அழகான வழி இருக்கிறது: கருநிற பிளேசரில் பதக்கங்கள். சொந்தமாகப் பெற்ற பதக்கம் இடது மார்பில், முன்னோருடையது வலது மார்பில். 1927இல் டர்பனில் தொடங்கிய மோத் (MOTH) என்ற முன்னாள் படைவீரர் அமைப்பினர், போரில் இறந்தோரை நினைவுகூரும் நினைவு ஞாயிறன்று பிளேசரும் பெரெட் தொப்பியுமாக நிற்பதைப் பாருங்கள். அந்தக் கம்பீரத்துக்குச் சீருடை தேவைப்படவில்லை.

தமிழ்ப் பள்ளி நாடகத்துக்குச் சிப்பாய் வேடம் வேண்டுமா? வெறும் பச்சைத் துணியில் தைத்து, கற்பனைச் சின்னம் வையுங்கள். கொடியோ பதவிப் பட்டையோ வேண்டாம். மேடையை விட்டு இறங்கியதும் மாற்றிக்கொண்டுதான் பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டும். படப்பிடிப்புக்கு அசல் சீருடை தேவைப்பட்டால் படையின் எழுத்து அனுமதி கட்டாயம். அந்தக் கடிதம் படப்பிடிப்பு இடத்திலேயே இருக்கட்டும்.

விடுமுறைக்கு விக்டோரியா அருவி பார்க்கக் காரில் புறப்படுபவர்களுக்கு ஒரு கடைசி வார்த்தை. ஜிம்பாப்வேயிலும் ஜாம்பியாவிலும் பொதுமக்கள் எந்தக் கேமஃபிளாஜும் அணியக்கூடாது. கடையில் வாங்கிய சாதாரண அச்சுத்துணிக்கும் அங்கே விலக்கில்லை. ஜிம்பாப்வேக்குள் நுழையும் பீட்பிரிட்ஜ் எல்லைக்குக் கிளம்பும் முன், வீட்டிலேயே பெட்டியைத் திறந்து பிள்ளைகளின் தொப்பி, அரைக்கால் சட்டை, முதுகுப்பை எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து, அப்படிப்பட்டதை எடுத்து வைத்துவிடுங்கள்.