கடல் தாண்டும் தட்டானும் சாலையில் திகைக்கும் சோலைமந்தியும்

அவையோருக்கு வணக்கம்.

சிறுவயதில் தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டிக் கல் தூக்க வைத்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். நானும் செய்திருக்கிறேன். விரலிடையில் துடித்த அந்த உயிர் எவ்வளவு தூரம் போகக்கூடியது என்று அன்று தெரிந்திருந்தால் நூலைத் தொட்டிருக்க மாட்டேன்.

மழைக்காலத்தில் திடல்களில் கூட்டமாகத் திரியும் மஞ்சள் தட்டானைச் சொல்கிறேன். உடல் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அக்டோபரில் இது மாலத்தீவில் பெருங்கூட்டமாக வந்து இறங்குகிறது. முட்டையிட நன்னீர்க் குட்டைகூட அரிதான தீவுகளுக்கு ஏன் வரவேண்டும்? அங்கே வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் பல ஆண்டுகள் கவனித்து, 2009இல் விடை எழுதினார். இந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் அவை அங்கே இறங்குகின்றன. மழையைக் கொண்டுசெல்லும் காற்றே அவற்றையும் கொண்டுசெல்கிறது. போய்வர 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். ஒரே தட்டான் அதை முடிப்பதில்லை, நான்கு தலைமுறைகள் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது அவர் கணிப்பு. தட்டான் தாழப் பறந்தால் மழை என்ற பாட்டிமார் இரண்டும் சேர்ந்து வருவதைக் கண்டவர்கள்.

இனி வால்பாறைக்கு வாருங்கள். பிடரிமயிரும் வால்நுனிக் குஞ்சமும் கொண்ட சோலைமந்தி, சிங்கவால் குரங்கு என்றும் சொல்வோம், மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெந்தக் காட்டிலும் இல்லை. மொத்தம் சுமார் 4,000தான். தட்டான் மழைக்குட்டையில் ஆறேழு வாரத்தில் வளர்ந்து பறந்துவிடும். இந்த மந்தியோ இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும்.

வால்பாறையில் புதுத்தோட்டம் என்ற இடத்தில் தேயிலைக்கு நடுவே துண்டாக நிற்கிறது அதன் காடு. குறுக்கே தார்ச்சாலை. மரத்திலேயே பிறந்து மரத்திலேயே உறங்கும் உயிர், குட்டியை வயிற்றில் அணைத்தபடி தரையிறங்கி ஓடுகிறது. வண்டியில் அடிபட்டு இறந்தவை உண்டு. இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. மந்திக்கு வலிமை குறைவு என்று நினைக்காதீர்கள். தட்டானின் பாதை காற்று. அதை யாரும் வெட்டவில்லை. மந்தியின் பாதை மரக்கிளை. அதை நாம் வெட்டினோம்.

இன்று சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். மந்திகள் அவற்றில் ஏறிக் கடக்கின்றன. அந்த வழியே போகிறவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், தின்பண்டம் எறியாதீர்கள். எறிந்தால் அவை பாலத்தை விட்டுத் தரைக்கு வரும்.