மியூசியம் தோட்டத்துப் பழைய படங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் போவதென்றால் மூன்று காரியம் உண்டு. பத்மநாப சுவாமி கோயில், சாலைக் கம்போளம் என்ற கடைவீதி, அப்புறம் மியூசியம். மியூசியம் என்ற ஒரு சொல்லுக்குள் மிருகக்காட்சிச் சாலை, பூந்தோட்டம், பேண்டு மேடை எல்லாமே அடக்கம். மலையாளத்தில் காழ்ச்சபங்களாவு என்பார்கள். எங்கள் ஆச்சி கடைசி வரை ‘காச்ச பங்களா’ என்றுதான் சொன்னாள். அந்தத் தோட்டத்தின் பழைய புகைப்படங்களையும் தபால் அட்டைகளையும் பல வருடங்களாகத் தேடிச் சேர்த்து வருகிறேன். இன்று அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் இடத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1857-இல் அங்கே பொருட்காட்சிச் சாலை திறந்தது. 1859-இல் மிருகக்காட்சிச் சாலையும் தோட்டமும் வந்தன. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் அந்தச் சரிந்த கூரைக் கட்டடம் 1880-இல் முடிந்தது. வரைந்தவர் ராபர்ட் சிஸம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் அவர் வரைந்ததுதான். சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரை மியூசியக் கட்டடத்துக்கு வைத்தார்கள்.

அதே 1859-இல் சென்னையிலும் ஒரு பெரிய தோட்டம் உருவானது. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க். ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்ஸர் மாதிரி கம்பெனிகள் ஊர்க் காட்சிகளைத் தபால் அட்டையாகப் போட்டு விற்ற காலத்தில் அது பெயர் பெற்ற இடம். பிறகு ரிப்பன் மாளிகை, மூர் மார்க்கெட், நேரு ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக வந்து தோட்டத்தைத் தின்றுவிட்டன. அந்த மூர் மார்க்கெட்டும் 1985-இல் எரிந்து போனது. பீப்பிள்ஸ் பார்க்கின் பெரும்பகுதியை இனி அட்டையில்தான் பார்க்க முடியும். திருவனந்தபுரத்துத் தோட்டத்துக்கு அந்தக் கதி வரவில்லை. காலையில் ஜனங்கள் இன்னும் அங்கே நடக்கிறார்கள். அது நம் பாக்கியம் என்றே நினைக்கிறேன்.

சரி, படங்களுக்கு வருவோம். சக்கரியாஸ் டி குரூஸ் என்று திருவிதாங்கூர் அரசாங்கத்தின் புகைப்படக்காரர் ஒருவர் இருந்தார். 1900-ஐ ஒட்டி அவர் எடுத்த படங்கள், வைஸ்ராய் கர்சனின் சேகரிப்பு வழியாக இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்துக் கேமரா முக்காலியில் நிற்கும். உள்ளே கண்ணாடித் தகடு. கட்டடத்தின் கம்பி, ஓடு, மரவேலை எல்லாம் தெளிவாக விழ வேண்டும் என்று நிதானமாக எடுக்கும்போது, குறுக்கே நடந்து போகிறவர் புகை மாதிரி கலங்கிப் போவார். அதனால்தான் அந்தக் காலப் படங்களில் தோட்டம் ஆளில்லாமல் கிடப்பது போல் தோன்றும். கலங்கிய அந்தப் புகையைத்தான் நான் முதலில் தேடுவேன்.

என்னிடம் உள்ள தபால் அட்டைகளில் ஒன்றைச் சொல்கிறேன். சாலைக் கம்போளத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. ஐந்தரை அங்குல நீளம், மூன்றரை அங்குல அகலம். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் அச்சில் வண்ணம் ஏற்றியிருக்கிறார்கள். ‘ஜெர்மனியில் அச்சானது’ என்று பின்னால் ஆங்கிலத்தில் பொடி எழுத்து. 1914-இல் யுத்தம் வரும்வரை உலகத்து அட்டைகளில் பாதி அங்கேதான் அச்சாயின என்று சொல்லத் தோன்றும், அவ்வளவு பார்க்கிறோம். வண்ணம் போட்டவர் நம் மியூசியத்தைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். கூரை ஓட்டுக்கு நீலம் அடித்திருக்கிறார்! ஆனால் கீழே வலது மூலையில், பாத்திக்குப் பக்கத்தில், குனிந்து தண்ணீர் விடும் ஒரு தோட்டக்காரர் இருக்கிறார். தலையில் துண்டு, இடுப்பில் முழங்கால் வரை ஒரு முண்டு. அவர் அசையாமல் நின்றதால் படத்தில் தங்கிவிட்டார். அவர் காலடியில் முழங்கால் உயரத்துக்கு ஓர் அலங்காரப் பனை, அப்போதுதான் நட்டது போல. இந்தப் பனையை மறந்துவிடாதீர்கள்.

அட்டையின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? பின்பக்கத்தைத் திருப்புங்கள். பழைய அட்டைகளில் பின்பக்கம் முழுவதும் விலாசத்துக்கு மட்டும்தான். சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டும். நடுவில் கோடு போட்டு ஒரு பாதியில் சேதி எழுதலாம் என்ற வழக்கம் 1902-இல் இங்கிலாந்தில் தொடங்கி மற்ற இடங்களுக்குப் பரவியது. அப்புறம் தபால்தலை. விக்டோரியா ராணி என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டை ஒட்டியது. எட்வர்ட் என்றால் 1902-க்குப் பிறகு. ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1911-க்குப் பிறகு.

நம் நாட்டுக்கே உரிய இன்னோர் அடையாளமும் உண்டு. திருவிதாங்கூருக்குச் சொந்தமாக அஞ்சல் இருந்தது. 1888 முதல் சங்கு முத்திரை போட்ட தபால்தலை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் கடிதத்துக்குச் சங்கு போதும். திருநெல்வேலிக்கோ சென்னைக்கோ போக வேண்டுமானால் பிரிட்டிஷ் ராஜாவின் தலை போட்ட தபால்தலை ஒட்ட வேண்டும். 1951-இல் அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. ஆகவே ஓர் அட்டை திருவிதாங்கூருக்குள்ளேயே சுற்றியதா, எல்லையிலிருந்த ஆரல்வாய்மொழி தாண்டிப் போனதா என்பதை அந்தச் சின்னச் சதுரம் சொல்லிவிடும். என்னுடைய நீலக்கூரை அட்டையில் எட்வர்ட் தலை. எழுதியவர் ஓரத்தில் மழையையும் தன் இருமலையும் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறார். தோட்டக்காரரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இனி என் வீட்டுப் படம். அறுபதுகளில் எங்கள் பாட்டா, அதாவது தாத்தா, ஓர் ஆக்ஃபா கிளிக் கேமரா வாங்கினார். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். அப்போது நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது, 1979-இல்தான் வந்தது. விடியற்காலை பஸ் பிடித்துக் கிழக்கேகோட்டை என்ற இடத்தில் இறங்கி, கோயிலுக்குப் போய்விட்டு, கரமனையில் ஒரு வீட்டில் தங்கி, பொட்டலச் சோற்றோடு மியூசியத்துக்கு வந்திருக்கிறார்கள். பேண்டு மேடைக்கு முன்னால் நாலு சிறுமிகள். இரட்டைச் சடை, பூப்போட்ட பாவாடை. ஒருத்தி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறாள். அது என் அம்மா. கீழ் ஓரத்தில் புல்லின் மேல் ஒரு நிழல், இரண்டு முழங்கையும் தூக்கியபடி. அதுதான் பாட்டா. அந்த ரோலில் அவர் இருக்கும் படம் இது ஒன்றே. சிறுமிகளுக்குப் பின்னால் ஓர் அலங்காரப் பனை, படத்தின் மேல் விளிம்பைத் தாண்டிப் போகிறது. மேடையும் பாதை வளைவும் எந்தப் பக்கம் விழுகின்றன என்று அட்டையோடு வைத்துப் பார்த்தேன். அதே பனை என்றே நம்புகிறேன்.

இதே ரோலில் இன்னொரு படமும் இருந்தது, யானைக்கு முன்னால் ஆச்சி நின்றது. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்யக் கொடுத்தோம். சூட்டில் படத்தின் மேற்பூச்சு இளகிச் சுருங்கி, ஆச்சியின் முகமே போய்விட்டது. நெகட்டிவும் இல்லை. அன்று நான் அழுதது இன்னும் மறக்கவில்லை. தயவுசெய்து பழைய படங்களைச் சூட்டில் லேமினேட் செய்யாதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள். சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். நம் பக்கத்து மழைக்கும் ஈரத்துக்கும் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், ராமபாணப் பூச்சி அட்டையை அரிக்கும். காய்ந்த இடத்தில், காகித உறையில் வையுங்கள். பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் முன்பக்கம் தடம் விழும்.

போன மாதம் அம்மாவை மியூசியத்துக்கு அழைத்துப் போனேன். பேண்டு மேடைக்கு எதிரே பெஞ்சில் உட்கார வைத்து, அந்தப் படத்தைக் கையில் கொடுத்தேன். மூன்று சிறுமிகள் யார் என்று எனக்குத் தெரியும்: அம்மா, பெரியம்மா, சித்தி. நாலாவது பெண் யார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

“இவ நம்ம வீட்டுப் பிள்ளை இல்லடீ. கரமனையிலே நாங்க தங்கின வீட்டுக்கு அடுத்த வீடு. ஆனை பார்க்கணும்னு பின்னாலயே ஓடி வந்துட்டா. உங்க பாட்டா அவளையும் நிறுத்தினார்.”

“பேர் என்னம்மா?”

“பேரா? குட்டின்னுதான் கூப்பிட்டோம்.”

பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். படத்தைத் திருப்பி, இடமிருந்து வலமாக மூன்று பெயர்களை எழுதி, நாலாவதாக ‘கரமனைக் குட்டி’ என்று எழுதினேன். கீழே, ‘நிழல்: பாட்டா’ என்று போடச் சொன்னாள் அம்மா.

நன்றி, வணக்கம்.