ஊன்றுகிற இடது கால்

(மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி நடந்த எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில் நான் பேசியதன் எழுத்து வடிவம்.)

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களே, விழாத் தலைவர் ஐயா அவர்களே, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்களே, புறநோயாளிகள் கூட்டத்தை முடித்த கையோடு இங்கே வந்து அமர்ந்திருக்கும் எலும்பு முறிவு மருத்துவர் அம்மா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, நாற்காலி எடுத்துப் போட்டதிலிருந்து தண்ணீர் கொடுப்பது வரை காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் பேருந்து மாறி மாறி வந்து சேர்ந்திருக்கும் என் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஆட்சியர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். போன வருஷம் இதே மேடைக்கு எங்களில் நான்கு பேரை நாற்காலியோடு தூக்கித்தான் ஏற்றினார்கள். அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. இந்த வருஷம் வந்து பார்த்தால் சிமெண்டில் சாய்தளம் போட்டிருக்கிறது, கைப்பிடியும் வைத்திருக்கிறது. ஐயா, நாங்கள் அத்தனை பேரும் அதில்தான் ஏறி வந்தோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுமித் அன்டில் என்கிற ஈட்டி எறிதல் வீரரைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயங்கள் பேசலாம் என்று குறித்துக்கொண்டு வந்தேன். ஒன்று, அவர் வந்த வழி. இரண்டு, பாராலிம்பிக்கில் யார் யாரோடு மோத வேண்டும் என்று பிரிக்கிற முறை. மூன்று, நம் பள்ளிக்கூட விளையாட்டுத் திடல்களில் நம் பிள்ளைகளுக்கு இடம் எங்கே என்பது.

நம் ஊர்க்காரர் மாரியப்பன் தங்கவேலுவை விட்டுவிட்டு ஹரியானாக்காரரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நினைக்காதீர்கள். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்து, ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கத்தோடு திரும்பிய அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசாமல் நம் கூட்டம் எதுவும் முடிவதில்லை. ஆனால் அவர் செயற்கைக் கால் போட்டு உயரம் தாண்டுபவர் இல்லை. எனக்கு இன்று பேச வேண்டியிருப்பது செயற்கைக் காலைப் பற்றி. அதைப் போட்டுக்கொண்டு உலகத்தையே தாண்டிப் போனவர் சுமித்.

சோனிபத் மாவட்டத்தில் கேவ்ரா என்று ஒரு கிராமம். 1998இல் அங்கே பிறந்தார். அப்பா விமானப்படையில் இருந்தவர், பிள்ளை சின்ன வயதாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். மூன்று அக்காக்களோடு இவரையும் அம்மாதான் வளர்த்தார். மல்யுத்தம் ஊறிப்போன மண் அது, ஒலிம்பிக் பதக்கம் வென்ற யோகேஷ்வர் தத் அந்த மாவட்டத்துக்காரர்தான். சுமித்தும் மல்யுத்த வீரராகத்தான் வர நினைத்தார். 2015 ஜனவரியில் டியூஷன் முடிந்து பைக்கில் வீட்டுக்குத் திரும்பும்போது டிராக்டர் மோதியது. இடது காலை முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. வயது 16.

மறு வருஷம் புனேயில் செயற்கைக் கால் பொருத்தினார்கள். 2017இல்தான் பாரா விளையாட்டு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவந்தது. டெல்லிக்குப் போய், நவல் சிங் என்கிற பயிற்சியாளரிடம் ஈட்டி கற்றார். 2018 ஆசிய பாரா விளையாட்டில் ஐந்தாம் இடம். 2019இல் துபாயில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளி. கால் போய் நாலரை வருஷம் சொச்சம்தான் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஈட்டி எறிவது கையால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இல்லை. ஓடி வருகிறார், கடைசியில் காலைக் குறுக்கே மாற்றி மாற்றி வைக்கிறார், பிறகு முன்னங்காலைத் தரையில் முளை அடித்த மாதிரி ஊன்றுகிறார். ஓடி வந்த வேகம் முழுவதும் அந்தக் காலில் முட்டி நின்று, இடுப்பு வழியாக மேலே ஏறி, தோளுக்கும் கைக்கும் போய் ஈட்டியைத் தள்ளுகிறது. ஊன்றுகிற கால் மடங்கினால் ஈட்டி போகாது. வலது கையால் எறிபவருக்கு ஊன்றுகிற கால் எது? இடது கால். சுமித்துக்கு இல்லாதது எந்தக் கால்? அதே இடது கால்.

நம் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்த ஒரு நொடியில் அந்தக் காலில் இறங்குகிறது. கால் இருப்பவருக்குப் பாதம், கணுக்கால், ஆடுசதை எல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாக அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். இவருக்கு அது கார்பன் பாதத்தில் இறங்கி, குழாயில் ஏறி, மீதிக் காலை நுழைத்துக்கொள்கிற கிண்ணம் மாதிரியான சாக்கெட்டுக்குள் அந்தக் காலின் தோலில் வந்து மோதுகிறது. அந்தத் தோல் அதற்கென்று படைக்கப்பட்டதில்லை. உள்ளங்கால் தோல் தடிப்பாக இருக்கும், இது கெண்டைக்காலில் இருந்த மெல்லிய தோல். சாக்கெட் ஒரு நூல் அளவு பிசகினால் போதும், தோல் உரியும், வியர்வை பட்டு எரியும். இங்கே செயற்கைக் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் தலையாட்டுகிறீர்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

அந்தக் காலை ஊன்றித்தான் 2021 ஆகஸ்ட் 30 அன்று டோக்கியோவில் எறிந்தார். முதல் எறியே 66.95 மீட்டர், உலக சாதனை. அடுத்தது 68.08, மறுபடியும் உலக சாதனை. ஐந்தாவது எறி 68.55. ஒரே மாலையில் மூன்று முறை உலக சாதனை, கழுத்தில் தங்கம். 2023இல் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் 73.29. 2024இல் பாரிஸில் 70.59 எறிந்து தங்கத்தைத் தக்கவைத்தார். பாராலிம்பிக் தங்கத்தை அடுத்த முறையும் வென்ற முதல் இந்திய ஆண் அவர்தான். தொடக்க விழாவில் நம் தேசியக் கொடியை ஏந்திப் போன இருவரில் அவர் ஒருவர். 2025இல் டெல்லி உலகப் போட்டியில் 71.37, தொடர்ந்து மூன்றாவது உலகப் பட்டம். கேல் ரத்னா, பத்மஸ்ரீ எல்லாம் வந்தது. அந்தப் பட்டியலை நான் படிக்க வேண்டாம், நம் பிள்ளைகள் போனில் பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சங்கத்தில் சிலர் முன்பே கேட்டதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005இல் ஒரு சாலை விபத்தில் எனக்கு வலது கால் போனது. அடுத்த வருஷம் ஒரு முகாமில் செயற்கைக் கால் கொடுத்தார்கள். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், மனசு நிறைந்து நடந்து வீட்டுக்குப் போனேன். ஆனால் மீதிக் கால் அப்படியே இருப்பதில்லை. வீக்கம் வடியும், சதை இளைக்கும், முதல் வருஷத்திலேயே சாக்கெட் தொளதொளவென்று ஆகிவிடும். அதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. இடைவெளியை அடைக்க, மீதிக் காலில் ஒரு சாக்ஸ் போட்டுக் கொண்டிருந்தவன் இரண்டு போட்டேன், மூன்று போட்டேன்.

2007 தை மாதம் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். கோயிலில் இருந்து மண்டபத்துக்கு நாதஸ்வரத்தோடு சீர்வரிசை போக வேண்டும். முதல் தட்டு என் கையில், பட்டுப்புடவையும் மாலையும் இருக்கிற தட்டு. அன்றைக்கு ஆறு சாக்ஸ் போட்டிருந்தேன். பாதி வழி வந்திருப்போம், கடைவீதித் திருப்பத்தில் காலை எடுத்து வைத்தால் பாதம் பின்பக்கம் பார்த்துத் திரும்பி நிற்கிறது. குழாயைப் பிடிக்கிற போல்ட் லூஸாகிவிட்டது. நான் நின்றேன், எனக்குப் பின்னால் ஊர்வலம் முழுக்க நின்றது, நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை இறக்கினார். யாரோ என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள், "மாமா, நீங்க ஆட்டோவுல வந்துடுங்க" என்று. அந்தத் தட்டு என் கையை விட்டுப் போனபோது எனக்கு எப்படி இருந்தது என்று இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எதிரே ஒரு டூ வீலர் மெக்கானிக் கடை. இருபது வயசுப் பையன் ஒருவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "கழட்டிக் குடுங்க சார், பாத்துடலாம்" என்றான். எனக்குத் தெருவில் உட்கார்ந்து காலைக் கழற்றுவது என்றால் கூச்சம். அவன் அதைப் புரிந்துகொண்டு, கடைக்குள் கூட்டிப்போய் ஷட்டரைப் பாதி இறக்கினான். பெட்டியில் இருந்து அல்லன் கீயை எடுத்தான். பாதத்தை நேராக வைத்துப் போல்டை முறுக்கினான், ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. அப்புறம் சாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தான், என் கையில் இருந்த ஆறு சாக்ஸையும் பார்த்தான். "போல்ட்டு ஓகே சார். உள்ள ஆடுதே, அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. இத எங்க சரி பண்ணுவீங்க?" என்று கேட்டான். "சென்னைக்குப் போகணும்பா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "வண்டிக்குத் தெருவுக்கு நாலு கடை இருக்கு. காலுக்கு ஜில்லாவுக்கு ஒரு கடை இல்லையா சார்?"

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "பொண்ணுக்கு மொய்யா வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டான். நான் நடந்து போய் அந்தத் தட்டைத் திரும்ப வாங்கினேன். நாதஸ்வரம் மறுபடி ஆரம்பித்தது. மண்டபம் வரைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்தப் பையன் கேட்ட கேள்வியைத்தான் இத்தனை வருஷமாக மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாராலிம்பிக் நடக்கிற ஊரில் வீரர்கள் தங்கும் கிராமத்துக்குள் ஒரு பட்டறை இருக்கும், தெரியுமா உங்களுக்கு? 1988இல் சியோலில் நான்கு டெக்னீஷியன்களோடு ஒட்டோபாக் என்கிற ஜெர்மன் நிறுவனம் ஆரம்பித்தது. பாரிஸில் நூறு பேருக்கும் மேல் வேலை பார்த்தார்கள். எந்தக் கம்பெனி செய்த காலாக இருந்தாலும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், காசு வாங்காமல் சரிசெய்து கொடுப்பார்கள். சக்கர நாற்காலிக்கு ட்யூப் மாற்றுவதிலிருந்து சாக்கெட்டைத் தேய்த்துக் கொடுப்பது வரை எல்லாம் நடக்கும். உலகத்திலேயே நல்ல கால் போட்டிருக்கிற மனிதர்கள் கூடுகிற இடத்தில், முதலில் திறப்பது ரிப்பேர் கடை! கால் என்பது கொடுத்து முடிகிற பொருள் இல்லை, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய பொருள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜெய்ப்பூர் கால் என்கிற நம் நாட்டுச் செயற்கைக் காலை உருவாக்கியதில் மருத்துவர் சேத்தியோடு சேர்ந்து நின்றவர் ராம் சந்திர சர்மா என்கிற கைவினைஞர். மருத்துவருக்கு எலும்பு தெரியும், அவருக்கு ரப்பரும் மரமும் தெரியும். சம்மணம் போட, வெறுங்காலோடு வரப்பில் நடக்க வசதியான கால் அப்படித்தான் வந்தது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்திலும் அப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன. நம் மாவட்டத்தில் இல்லை.

நாங்கள் கேட்பது பெரிய கட்டடம் இல்லை, ஐயா. தலைமை மருத்துவமனையில் தரைத்தளத்தில் ஓர் அறை. பயிற்சி பெற்ற ஒரு டெக்னீஷியன். மீதிக் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுக்க ஒரு மேசை. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அந்த அச்சின் மேல் போர்த்த ஓர் அடுப்பு. தேய்க்க ஒரு மிஷின். சாக்ஸ், போல்ட், பட்டை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் சாக்கெட்டைப் பார்க்க ஒரு பதிவேடு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மறுவாழ்வுச் சேவையை அரசின் பொறுப்பில் வைத்திருக்கிறது. மருத்துவர் அம்மா அறை தருவதாகப் போன மாதமே வாய்மொழியாகச் சொன்னார்கள், இந்த மேடையில் அதைச் சொல்லலாம் என்று அனுமதியும் கொடுத்தார்கள். அம்மாவுக்கு ஒரு பெரிய கைதட்டல் கொடுங்கள்.

முகாம் நடத்துகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கொடுக்காவிட்டால் எனக்கு முதல் காலே கிடையாது. ஆனால் கொடுத்த காலில் எத்தனை கால் இன்று நடக்கிறது, எத்தனை கால் பரணில் கிடக்கிறது என்று யாரும் திரும்பி வந்து பார்ப்பதில்லை. போட்டுப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நான் சும்மா சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் ஐயா சீட்டு அனுப்பியிருக்கிறார். பிரிக்கிற முறையைப் பற்றி ஒரே வார்த்தை: சுமித்தின் பிரிவு எஃப்64. எஃப் என்றால் களத்தில் எறிகிற போட்டி, 64 என்றால் ஒரு காலில் முட்டிக்குக் கீழே செயற்கைக் கால். பாரிஸில் வெள்ளி வாங்கிய இலங்கை வீரர் துலான் கொடிதுவக்கு 44ஆம் பிரிவு, செயற்கைக் கால் இல்லாமல் எறிபவர். இரண்டு பிரிவையும் சேர்த்துத்தான் ஒரே போட்டியாக வைத்தார்கள். பள்ளிக்கூடத் திடல் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன், உடற்கல்வி ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

வாசலில் மேசை போட்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வீட்டில் போடாமல் கிடக்கிற செயற்கைக் கால் இருப்பவர்கள் மூன்றே விவரம் எழுதுங்கள்: எந்த வருஷம் வாங்கினீர்கள், எத்தனை மாதம் போட்டீர்கள், ஏன் நிறுத்தினீர்கள். எழுத முடியாதவர்களுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். விழா முடிந்ததும் அதை நேராக ஆட்சியர் அவர்கள் கையில் கொடுக்கப்போகிறோம், வாங்கிக்கொள்வதாக அவரும் சொல்லியிருக்கிறார். முதல் வரி நான் எழுதிவிட்டேன்: 2006, பதினாலு மாதம், உள்ளே ஆடுகிறது.